மஞ்சள் பூ, கிடுகிடு வளர்ச்சி: இது சரக்கொன்றைதானா? (ஹொரமாவு, பெங்களூரு)

ஹொரமாவுவாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் லேஅவுட் பூங்காவின் வேலியை ஒட்டி, குடியிருப்போர் சங்கம் சார்பில் வரிசையாகக் கன்றுகள் நட்டோம். இது அவற்றுக்கு மூன்றாவது மழைக்காலம். நர்சரியில் சரக்கொன்றை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். என் மாமியாருக்குப் பிரதோஷத்துக்குக் கொன்றைப்பூ பறித்து வைக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அதனால் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்தேன்.

முழங்கால் உயரத்தில் வைத்த கன்று இப்போது முதல் மாடி ஜன்னலைத் தாண்டி நிற்கிறது. இந்தச் செப்டம்பரில் மரம் முழுக்கப் பூ. ஆனால் எதுவும் தொங்கவில்லை. கிளை நுனிகளில் பெரிய பெரிய கொத்தாக மேலே பார்த்து நிற்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் நான் பார்த்து வளர்ந்த சரக்கொன்றை சித்திரை வெயிலில் சரம்சரமாகத் தொங்கும். அப்போது அதில் இலைகூட அதிகம் இருக்காது. இந்த மரத்திலோ இலையும் அடர்த்தி, பூவும் அடர்த்தி.

அடுத்த மாதம் சங்கத்தில் இதே கன்றுகளை இன்னும் நிறைய வாங்கி, ஏரிக்குப் போகும் பாதையிலும் நடப் போகிறார்கள். அதற்குள் இது என்ன மரம் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பானஸ்வாடி சைக்கிள்

அக்கா, இயல்வாகையாக இருக்கும். பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். பெங்களூரு ரோடுகளில் பாதி அதுதான். பூக்கொத்து மேல்நோக்கித்தான் நிற்கும், மொட்டு துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். மரத்தடியில் மஞ்சள் கம்பளம் விரித்ததுபோல் கொட்டும்.

இலைநரம்பு

மஞ்சள் பூ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஊரில் எந்த மரத்தையும் சொல்லிவிட முடியாது. இயல்வாகை மஞ்சள். சரக்கொன்றை மஞ்சள். பிப்ரவரி, மார்ச்சில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பூக்கும் டபேபுயா ஆரியாவும் மஞ்சள். சரக்கொன்றையின் குடும்பத்திலேயே சயாமியக் கொன்றை வேறு இருக்கிறது. அதனால் கொஞ்ச நேரம் பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள்.

முதலில் ஒரு முழு இலை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கிளையோடு காம்பு சேரும் கக்கத்தில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். அந்த மொட்டுக்கு மேலே தொடங்கி நுனி வரை இருப்பது மொத்தமும் ஒரே இலை. அதில் இரண்டு பக்கமும் ஒட்டியிருப்பவை சிற்றிலைகள். சிற்றிலையின் அடியில் அந்த மொட்டு இருக்காது.

இனி பார்க்க வேண்டியது: நடு ஈர்க்கிலிருந்து நேராகச் சிற்றிலைகள் வருகின்றனவா, அல்லது ஈர்க்கு மறுபடி கிளை பிரிந்து அதில் புளிய இலை மாதிரிப் பொடிப்பொடியாக வருகின்றனவா? இரண்டாவது என்றால் தம்பி சொன்ன இயல்வாகை. முதலாவது என்றால் எத்தனை ஜோடி என்று எண்ணுங்கள். நுனி கூரா மழுங்கலா, அடிப்பக்கம் தடவினால் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். பக்கத்தில் இதே ஜாதியில் வயதான மரம் இருந்தால் அதன் காயையும் பாருங்கள். காய் கிடைத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

பூவிலும் ஒன்று மட்டும் கவனியுங்கள். சரக்கொன்றைப் பூவின் நடுவில் மூன்று கேசரங்கள் (மகரந்தம் தாங்கும் இழைகள்) மட்டும் மிக நீளமாக, வளைந்து மேலேறி, பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்தே தெரியும். உங்கள் பூவில் அது இருக்கிறதா?

ஹொரமாவுவாசி

இன்று காலை வெளிச்சத்தில் பார்த்தேன் சார். இலை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஈர்க்கு மறுபடி பிரியவில்லை. சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன, நுனியில் ஒற்றையாக எதுவும் இல்லை. பல இலைகளில் எண்ணிவிட்டேன், பன்னிரண்டு, பதின்மூன்று ஜோடி வருகிறது. ஒவ்வொன்றும் விரல் நீளம், ஒடுக்கம், நுனி கூர். அடிப்பக்கம் தடவினால் மெத்தென்று பூனை முடிபோல் இருக்கிறது.

பூவில் ஐந்து இதழ், எல்லாம் ஒரே அளவு இல்லை. நடுவில் தடித்த கேசரங்கள் இருக்கின்றன. நீங்கள் சொன்ன நீண்டு வளைந்த மூன்று இல்லவே இல்லை.

பின்தெருவில் பெரிய மரம் ஒன்று இதே பூவோடு நிற்கிறது. அதன் அடியில் போன பருவத்துக் காய்கள் கிடந்தன. கறுப்பு, உருண்டை, ஒரு சாண் நீளத்துக்கு மேல், சுண்டுவிரல் தடிமன். குறுக்கே வளையம் வளையமாகக் கோடு. ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. உள்ளே தட்டையான சின்ன விதைகள், நிறைய.

இலைநரம்பு

இவ்வளவு பொறுமையாகப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி அம்மா. இது சென்னா ஸ்பெக்டாபிலிஸ். சரக்கொன்றை அல்ல.

சரக்கொன்றையில் சிற்றிலை மூன்றிலிருந்து எட்டு ஜோடிதான் இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்கு, அகலமாக, வழவழப்பாக இருக்கும். காய் 30 முதல் 60 செ.மீ. வரை நீளும், கட்டை விரலைவிடத் தடிமன். தானாக வெடிக்காது. உடைத்தால் அறை அறையாகத் தடுப்பு, ஒவ்வொரு அறையிலும் கறுத்த பிசுபிசுப்பான சதை இருக்கும். சித்த மருந்துக் கடையில் சரக்கொன்றைப் புளி என்று விற்பது அந்தச் சதைதான். உங்கள் கையில் கிடைத்த காயில் அப்படி எதுவும் இல்லை.

சயாமியக் கொன்றையா என்றும் யோசித்தேன். அதிலும் பூ மேல்நோக்கி நிற்கும், சிற்றிலையும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. ஆனால் அதன் சிற்றிலை நுனி மழுங்கி, நடுவில் சின்னப் பள்ளத்தோடு இருக்கும். காய் தட்டையான பட்டைபோல் இருக்கும். உங்களுடையது உருண்டைக் காய், கூரிலை, அடியில் மென்மயிர். மூன்றும் ஒரே பக்கம்தான் காட்டுகின்றன.

பழைய புத்தகங்களில் இதை காசியா ஸ்பெக்டாபிலிஸ் என்று பார்ப்பீர்கள். காசியா என்ற பெரிய பேரினத்தை 1982-இல் காசியா, சென்னா, காமேக்ரிஸ்டா என்று மூன்றாகப் பிரித்தார்கள். சரக்கொன்றை காசியாவிலேயே நின்றது. இது சென்னாவுக்குப் போனது. அந்தப் பிரிப்புக்கு அடிப்படையில் ஒன்றுதான் நான் கேட்ட கேசரம்.

இதன் சொந்த ஊர் மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா. பெங்களூருவில் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை பூக்கும். மற்ற மரங்கள் பெரும்பாலும் கோடையில் பூத்து முடித்துவிடுவதால், மழைக்காலத்தில் பூக்கும் மரம் என்று சாலையோரங்களில் நிறையவே வைத்திருக்கிறார்கள்.

கூடலூர்க்காரன்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வேலைக்காகக் கே.ஆர்.புரத்தில் இருக்கிறேன், சொந்த ஊர் கூடலூர். இந்த மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செப்டம்பர், அக்டோபரில் பெங்களூருவிலிருந்து மைசூரு, குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாகச் சுல்தான் பத்தேரிக்குப் போனவர்கள் முத்தங்கா காட்டுக்குள் மஞ்சள் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். என்ன அழகு என்று வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அதுதான் இது. முதுமலைப் பக்கமும் இருக்கிறது. வயநாட்டில் வனத்துறையே சமூகக் காடு வளர்ப்பில் நிழலுக்கும் அழகுக்கும் நட்டது. சரக்கொன்றை என்று நம்பி நட்ட இடங்களும் உண்டு. இப்போது அதே துறை அதை அகற்றப் படாதபாடு படுகிறது.

காட்டில் நடப்பது இதுதான். மரம் வேகமாக வளர்ந்து தலைவிரித்து நிழல் போடுகிறது. அடியில் புல் வராது. மான், காட்டெருமை, யானை எதுவும் இந்த இலையை விரும்பித் தின்பதில்லை. புல் போனால் மானுக்குத் தீனி போச்சு, மான் போனால் புலிக்கு என்ன மிஞ்சும்? ஒரு காயில் 50-க்கு மேல் விதை. விழுந்த விதை மண்ணில் பல வருஷம் காத்திருந்து முளைக்கும். சரி, வெட்டிவிடலாம் என்று வெட்டினால், அடிமரத்திலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு நிற்கும்.

அதனால் காட்டில் இப்போது நெஞ்சு உயரத்திலிருந்து தரைமட்டம் வரை பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடுகிறார்கள். மரம் நின்ற நிலையிலேயே காய்கிறது. சின்னக் கன்றுகளை வேரோடு பிடுங்குகிறார்கள். திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு இடத்தில் பட்டை விட்டுப்போனால் அங்கிருந்து உயிர் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 2022-இல் ஊடுருவும் அயல் தாவரங்களை அகற்ற அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நீலகிரியில் வெட்டிய மரங்களைக் கரூர் டி.என்.பி.எல். காகித ஆலை கூழுக்கு எடுக்கிறது.

எங்கள் ஊர்க் காட்டை ஏற்கெனவே உண்ணிச்செடி தின்றுவிட்டது. அதுவும் ஒரு காலத்தில் தோட்டத்துக்கு அழகு என்று கப்பலில் கொண்டுவந்ததுதான். ஏரிப் பாதையில் நடப் போகிறோம் என்று அக்கா எழுதியதைப் படித்ததும் பதறிவிட்டது. தயவுசெய்து அந்த ஆர்டரை நிறுத்துங்கள்.

ஜெயநகர் தாத்தா

கூடலூர்த் தம்பியின் வருத்தம் புரிகிறது. காட்டில் அது கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நகரத்தையும் காட்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

இந்த ஊரின் அழகே வெளியூர் மரங்களால் வந்தது. ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் குரும்பிகல் 1908-இல் பெங்களூருவுக்கு வந்து, 1932 வரை லால்பாக் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டார். ஒன்று பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்க வேண்டும், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு சாலையில் பூ இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டு நட்டவர். குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஜக்கரண்டா தென் அமெரிக்கா. நாம் நிழலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரமும் அந்தப் பக்கம்தான். 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் தலைமையில் லட்சக்கணக்கில் நட்டார்களே, அதனால்தான் இன்று பல சாலைகளில் நடக்க முடிகிறது. அயல் மரம் என்று சொல்லி வெட்ட ஆரம்பித்தால் மே மாதத்தில் எங்கே நிற்பீர்கள்?

இன்னொன்று. இந்த சென்னா பூக்கும்போது பெரிய கரிய வண்டுகள், மரத்தைத் துளைத்துக் கூடு வைப்பவை, நாள் முழுக்க வந்து மொய்க்கும். எங்கள் தெருவில் நின்று பார்ப்பேன். அவற்றுக்கும் சோறு வேண்டும்.

இலைநரம்பு

ஐயா சொல்வதில் வண்டு விஷயம் உண்மை, சுவையானதும்கூட. சென்னாப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் கேசரப் பையின் நுனியில் சின்னத் துளைக்குள் அடைபட்டிருக்கும். அந்த வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிர வைக்கும், அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே கொட்டும். பூ அருகே ரீங்காரம் சட்டென்று மாறுவதைக் காது கொடுத்தால் கேட்கலாம்.

ஆனால் குல்மோகரையும் இதையும் ஒரே வரிசையில் வைப்பது சரியில்லை. அயல் மரம் என்பது மட்டும் குற்றமில்லை. தானாகப் பரவி, மற்றதை ஒழித்துக்கட்டும் அயல் மரம்தான் சிக்கல். குல்மோகர் இங்கே வந்து எத்தனை காலமாயிற்று, பந்திப்பூருக்குள் குல்மோகர்க் காடு உருவாகவில்லை. ஜக்கரண்டாவும் இங்கே தன் பாட்டுக்குச் சாலையோரத்தில் நிற்கிறது. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் அப்படி இல்லை. வயநாட்டில் மட்டுமல்ல, ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் புடோங்கோ காட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஒரே மரம் இரண்டு கண்டங்களில் ஒரே மாதிரி நடந்துகொண்டால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜெயநகர் நடுவில் நிற்கும் ஒரு மரத்தின் விதை சிமெண்டில் விழுந்து வீணாகும். ஹொரமாவு ஏரிக்கரை வேறு. அங்கே விழும் விதை மழைநீரோடு ராஜகாலுவே என்னும் பெரிய வடிகாலில் போய் எங்கோ சேரும். அதைவிட முக்கியம் நர்சரி. நகரத்தில் இதைக் கேட்பவர்கள் இருக்கும் வரை கன்று போடுவார்கள். அந்தக் கன்றை நம் ஆட்கள் டிக்கியில் வைத்துக் கனகபுரா பக்கத் தோட்டத்துக்கும், தளி, தேன்கனிக்கோட்டை நிலத்துக்கும் எடுத்துப் போவார்கள். அங்கே வேலிக்கு அந்தப் பக்கம் யானை நடக்கும் காடு.

அதனால் என் கருத்து: இருக்கும் பெரிய மரங்கள் மேல் உடனே கோடரி வைக்க வேண்டாம், ஐயா பயப்படுவது நடக்கக் கூடாது. புதிதாக ஒன்றுகூட நடக் கூடாது.

ஜெயநகர் தாத்தா

புதிதாக நட வேண்டாம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிற்பதை வெட்டுவது என்றால் மட்டும் நிதானமாக யோசியுங்கள். ஒரு மரம் போன இடத்தில் அடுத்தது நிழல் தரப் பல வருஷம் ஆகும். அதுவரை அந்தத் தெருவில் பூ விற்பவரும் தள்ளுவண்டிக்காரரும் வெயிலில் நிற்பார்கள்.

ஹொரமாவுவாசி

நேற்று சங்கக் கூட்டத்தில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். ஏரிப் பாதை ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். நர்சரிக்காரருக்குப் போன் செய்து கேட்டதற்கு, எல்லாம் கொன்றைதானே மேடம், இது சீக்கிரம் வளரும், அதனால்தான் கொடுத்தோம் என்றார். சரக்கொன்றை என்று பணம் வாங்கியவர் இதைச் சொன்னது மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது பூங்கா வேலியில் நிற்பவற்றை என்ன செய்வது? பாதிப் பேர் நிழல் வந்துவிட்டது, விட்டுவிடலாம் என்கிறார்கள். மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து வெட்டிவிடலாம் என்கிறார்கள்.

மாடித்தோட்டம்

ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து வெட்டுவதை முதலில் தடுத்து நிறுத்துங்கள் அக்கா. 1976-ஆம் வருஷத்துக் கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் சொந்த இடத்து மரத்தை வெட்டினாலே குற்றம். பூங்கா என்றால் அது மாநகராட்சி இடம், சங்கத்துக்கு அதில் உரிமையே இல்லை. வனப் பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மரத்தின் அறிவியல் பெயர், இலை, காய் படங்கள், பதிலுக்கு என்ன நடப் போகிறீர்கள் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். மாற்று மரம் எழுதியிருந்தால் அவர்களும் நம்மை வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் தெருவில் தானாக முளைத்திருக்கும் குட்டிக் கன்றுகளைப் பிடுங்கலாம். மழை பெய்த மறுநாள் வேரோடு சுலபமாக வரும்.

இலைநரம்பு

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூ முடிந்து காய் பிடித்ததும், பச்சையாக இருக்கும்போதே எட்டிய வரை பறித்துவிடுங்கள். மரங்கள் இன்னும் சிறியவை, துறட்டிக்கு எட்டும். கறுத்துக் காய்ந்த பிறகு பறித்தால் பாதி விதை அங்கேயே சிதறிவிடும். காய்ந்த காயைக் கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள், கெட்டித் தோல் விதை, எருவோடு சேர்ந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும்.

அனுமதி கிடைத்தால், காட்டில் செய்வதுபோல் பட்டை உரித்து நிற்க விடக் கூடாது. காய்ந்த மரம் குழந்தைகள் விளையாடும் பூங்காவில் காற்றில் சாயும். வெட்டி, அடிக்கட்டையையும் தோண்டி எடுக்க வேண்டும். தோண்ட முடியாத இடத்தில் மாதம் ஒருமுறை யாராவது போய்த் துளிரைக் கிள்ள வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் வெட்டவே வேண்டாம், இன்னும் அடர்த்தியாகத்தான் வரும்.

ஜெயநகர் ஐயா சொன்ன நிழலுக்காக ஒரு யோசனை. இப்போதே மரங்களுக்கு இடையில் புங்கைக் கன்றுகளை வைத்துவிடுங்கள். இந்த ஊர்க்காரர்கள் ஹொங்கே என்பார்கள், நம் மண்ணின் மரம், வேகமும் மோசமில்லை. இடையிடையே பூமருது. ஓரளவு வளர்ந்தபின் சென்னாவை ஒவ்வொன்றாக எடுத்தால் வேலி வெறிச்சோடாது.

ஜெயநகர் தாத்தா

இதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். புங்கை நிழலுக்கு ஈடு எதுவும் இல்லை.

அல்சூர் அம்மணி

மாமியாருக்குக் கொன்றை வேண்டும் என்று எழுதியதால் நானும் ஒரு வார்த்தை. சோமேஸ்வரர் கோயில் பக்கம்தான் எங்கள் வீடு. சரக்கொன்றை பெங்களூருவில் நன்றாக வரும்மா. இங்கே கக்கே மரம் என்று கேட்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் பூக்கும். சிவனுக்கு அந்தத் தொங்கும் பொன் சரம்தான் அழகு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பல வருஷம் காத்திருந்தார்கள், இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். ஆனால் அவர்கள் கையாலேயே விதை போடச் சொல்லுங்கள். இந்தக் கோடையில் பூத்த மரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன், அவற்றில் காய் முற்றி உதிரும்போது உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்.

ஹொரமாவுவாசி

அம்மா, உங்கள் பதிலை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு காய் போதும், தொட்டியில் நானே போடுகிறேன் என்று உடனே சொல்லிவிட்டார். சார், சரக்கொன்றை விதை முளைக்க ஏதாவது செய்ய வேண்டுமா?

இலைநரம்பு

விதைத் தோல் மிகக் கெட்டி, அப்படியே போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். காயை உடைத்து, சதையைக் கழுவிவிட்டு, விதையின் ஒரு ஓரத்தை உப்புத்தாளில் நிறம் மாறும் வரை தேயுங்கள். அப்புறம் ஒரு இரவு தண்ணீரில் ஊறட்டும். காலையில் உப்பியிருப்பதை மட்டும் நடுங்கள், உப்பாததை மறுபடி தேயுங்கள். முளைத்தபின் முதல் வருஷம் பெரிதாக வளர்ச்சி தெரியாது, கவலைப்பட வேண்டாம். நல்ல வெயில் இருக்கட்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

கன்றாகவே வாங்குவதென்றால் இலையைப் பார்த்து வாங்குங்கள். பத்து ஜோடிக்கு மேல் ஒடுக்கமான சிற்றிலை இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அகலமான இலை நாலைந்து ஜோடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடலூர்க்காரன்

அக்கா, ஆர்டரை நிறுத்தியதற்கு ரொம்ப நன்றி. புங்கைக் கன்று நடும் நாளைச் சொல்லுங்கள், கே.ஆர்.புரத்திலிருந்து நானும் இரண்டு நண்பர்களும் கடப்பாரையோடு வருகிறோம். பின்தெரு மரத்தடியில் முளைத்திருப்பதையும் அன்றைக்கே பிடுங்கிவிடலாம்.